எழுதுவது மார்ஜரிபேங்க்ஸ், சொல்வது மார்ச்பேங்க்ஸ்: ஓர் அரிய ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்

உங்கள் கேள்வி இதுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கொள்ளுத்தாத்தாவின் தடத்தைத் தேடும்போது, 1917இல் சென்னையில் அச்சான ஓர் அரசு அறிக்கை உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் போன இந்தியத் தொழிலாளர்களைப் பற்றிய அறிக்கை. அட்டையில் இரண்டு பேர்: என்.ஈ. மார்ஜரிபேங்க்ஸ், ஏ.கே.ஜி. அகமது தம்பி மரக்காயர். இரண்டாவது பெயர் நமக்குத் தெரிந்த பெயர். முதல் பெயர் எந்த ஊர்ப் பெயர், அதற்கு என்ன பொருள், இன்றைக்கும் அந்தப் பெயரில் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது ஸ்காட்லாந்துப் பெயர். எடின்பரோவுக்கு மேற்கே இருக்கும் ராத்தோ என்ற ஊரின் நிலத்திலிருந்து வந்தது. அந்த நிலத்துக்குப் பெயர் தந்தவள் ராபர்ட் புரூஸ் மன்னனின் மகள் மார்ஜரி. இன்றும் அந்தப் பெயரில் மனிதர்கள் இருக்கிறார்கள்; ஆனால் ஸ்காட்லாந்திலேயே பலர் வாழ்நாளில் அப்படி ஒருவரைச் சந்தித்திருக்க மாட்டார்கள். பெயரை உள்ளபடி எழுத்துக்கூட்டி வாசிக்கவும் கூடாது. அந்தக் குடும்பத்தார் சொல்வது ‘மார்ச்பேங்க்ஸ்’.

இனி விரிவாக.

ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்கள் பல வழிகளில் பிறந்தன. இன்னாரின் மகன் என்று பொருள் தரும் ‘மக்’ பெயர்கள் ஒரு வகை. கொல்லன், தையற்காரன் என்று தொழிலிலிருந்து வந்தவை இன்னொரு வகை. நிறம், உருவம் பார்த்து வைத்த பட்டப்பெயர்களும் உண்டு. மார்ஜரிபேங்க்ஸ் இவற்றில் எதுவும் இல்லை; நிலத்தின் பெயர் மனிதர் மேல் ஏறிய வகை. நிலம் வைத்திருந்தவரை ‘இன்ன நிலத்துக்காரர்’ என்று அழைத்து, பிறகு நிலம் கைமாறிப் போனாலும் பெயர் மட்டும் குடும்பத்தோடு தங்கிவிடும். நிலப்பெயர்கள் அங்கே ஏராளம். ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய நிலத்திலிருந்து பிறந்த குடும்பப் பெயர் அபூர்வம்.

அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லாமல் இந்தப் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மார்ஜரி புரூஸ் 1296 வாக்கில் பிறந்தவள். ராபர்ட் புரூஸின் முதல் மனைவி இசபெல்லாவுக்குப் பிறந்த ஒரே குழந்தை. 1306இல் தந்தை ஸ்காட்லாந்தின் மன்னனாக முடிசூட்டிக்கொண்டார். அதே ஆண்டில் இங்கிலாந்துப் படையிடம் தோற்று ஓடவும் நேர்ந்தது. குடும்பத்துப் பெண்கள் பிடிபட்டார்கள். அத்தை மேரியையும், புரூஸுக்கு முடிசூட்டிய பக்கன் சீமாட்டி இசபெல்லாவையும் கோட்டைகளில் கூண்டு செய்து அடைத்தார் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு. பத்து வயது மார்ஜரிக்கும் லண்டன் டவரில் கூண்டு தயார் செய்யச் சொல்லி உத்தரவு போயிற்று. பிறகு மனம் மாறி, யார்க்‌ஷயரில் வாட்டன் என்ற கன்னிமடத்துக்கு அனுப்பினார்கள். எட்டு ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. 1314இல் பானக்பர்ன் போரில் தந்தை வென்ற பிறகு, கைதிகள் பரிமாற்றத்தில்தான் அவளுக்கு விடுதலை கிடைத்தது.

வீடு திரும்பியவளை 1315இல் வால்டர் ஸ்டூவர்ட்டுக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். அரண்மனை மேற்பார்வையாளர் என்ற பதவியைப் பரம்பரையாக வகித்த வீட்டுப் பிள்ளை அவர். அந்தப் பதவிப் பெயரே அவர்கள் குடும்பப் பெயராகவும் ஆகியிருந்தது. சீதனமாகப் பாத்கேட் முதலிய நிலங்களோடு ராத்தோவிலும் நிலம் போயிற்று. அடுத்த ஆண்டே மார்ஜரி இறந்துபோனாள். நிறைமாதக் கர்ப்பிணியாக பெய்ஸ்லிக்கு அருகே குதிரையிலிருந்து விழுந்தாள் என்பது மரபாகச் சொல்லிவருவது. பிழைத்த குழந்தைதான் 1371இல் இரண்டாம் ராபர்ட் என்ற பெயரில் அரியணை ஏறியது. ஸ்டூவர்ட் அரச மரபு முழுவதும் அந்தக் குழந்தையிலிருந்து வருகிறது. மார்ஜரி அடக்கமானது பெய்ஸ்லி மடாலயத்தில்.

அவளுக்குக் கொடுத்த நிலத்தை ‘ராத்தோ மார்ஜரி’ என்றார்கள். பின்னாளில் அதுவே ‘ராத்தோ மார்ஜரிபேங்கிஸ்’ ஆயிற்று. இங்கே ‘பேங்க்’ என்றால் வங்கி கிடையாது. ஸ்காட் மொழியில் அது சரிவான நிலம், மேட்டுக் கரை. ‘இஸ்’ பன்மை விகுதி. மார்ஜரியின் சரிவுகள், மார்ஜரியின் மேட்டுநிலம் என்று கொள்ளலாம். இதே குடும்பத்தில் பிற்காலத்தில் எட்வர்ட் மார்ஜரிபேங்க்ஸ் என்பவர் லண்டனின் கூட்ஸ் வங்கியில் பங்குதாரராக இருந்தார் என்பது தற்செயல். பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மார்ஜரிபேங்க்ஸ் குடும்பம் மார்ஜரியின் ரத்த வாரிசு அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘இளவரசியின் வம்சம்’ என்று இதை எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அவளுடைய ரத்தம் போனது ஸ்டூவர்ட் அரசர்களுக்கு. இவர்களுக்கு வந்தது நிலத்தின் வழியாகப் பெயர் மட்டும். தெற்கு எல்லைப்புறத்து ஜான்ஸ்டன் குடும்பத்தின் ஒரு கிளைதான் இந்த நிலத்தோடு சேர்ந்து இந்தப் பெயரைச் சூடிக்கொண்டது என்ற மரபு நெடுங்காலமாக இருக்கிறது. மரபை மரபாகவே வைத்துக்கொள்வது நல்லது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் மரபணுத் தொகுதியான ஒய் குரோமோசோமை இரு குடும்பத்து ஆண்வழி வாரிசுகளிடமும் ஒப்பிட்டால் இதைச் சோதித்துவிடலாம். ஒரே இடத்தில் பிறந்த அரிய பெயர்களுக்கு அந்தச் சோதனை மிகவும் பொருந்தும்.

ஆவணங்களில் இந்தப் பெயரோடு நன்றாகத் தெரிகிற பழைய முகம் ராத்தோவின் தாமஸ் மார்ஜரிபேங்க்ஸ். 16ஆம் நூற்றாண்டு வழக்கறிஞர். 1540இல் எடின்பரோ நகரத் தலைவரானார். 1549இல் ஸ்காட்லாந்து அரசின் ஆவணக் காப்பாளர் பதவிக்கு வந்தார். நாட்டின் பத்திரங்களையும் பதிவேடுகளையும் காக்கும் பொறுப்பு அது. இன்றைக்கு இந்தப் பெயரைத் தேடுகிறவர்கள் போய் நிற்பதும் அதே எடின்பரோவில், அதே ஆவணக் காப்பகத்தின் வாசலில்தான். இந்தப் பெயரைத் தேடும்போதெல்லாம் எனக்கு இது மனத்தில் ஓடும்.

இப்போது உச்சரிப்புக்கு வருவோம். ஆங்கில எழுத்தில் பன்னிரண்டு எழுத்துகள். ‘மார்ஜரி’ என்பது வாய்ப்பேச்சில் தேய்ந்து ‘மார்ஜ்’ ஆகி, அடுத்து வரும் ‘பேங்க்’ மேல் மோதி ‘மார்ச்’ என்று நின்றுவிட்டது. சொல்லிப் பாருங்கள், நாக்கு தானாகவே அங்கே போய்ச் சேரும். எழுத்து பழைய பத்திரத்தில் இருந்தபடி நின்றது. பேச்சு முன்னே போய்விட்டது. படித்த, நிலமுள்ள வீடுகள் பழைய எழுத்தை விடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுக்காரர் ஆலயத்தில் பெயர் சொன்னபோது, குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். இப்படித்தான் ஒரே பெயர் மார்ஜரிபேங்க்ஸ், மார்ச்பேங்க்ஸ், மார்ச்பேங்க் என்று பல பெயர்களாகப் பிரிந்தது.

நீங்கள் பதிவேட்டில் தேடப்போவதால், இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் பழைய ஆலயப் பதிவேடுகள் 1553இல் தொடங்கி 1854 வரை போகின்றன. 1855 ஜனவரி 1 முதல் அரசே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிந்தது. இவை எல்லாம் ‘ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்’ இணையதளத்தில் கிடைக்கின்றன. தேடல் கட்டத்தில் முழுப் பெயரையும் அடித்தால் பாதிதான் வரும். நடுவில் விடுபட்ட எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போடலாம். முதல் மூன்று எழுத்து எம், ஏ, ஆர் போட்டு, நட்சத்திரம் வைத்து, ‘பேங்க்ஸ்’ என்று முடித்தால் மார்ஜரிபேங்க்ஸும் மார்ச்பேங்க்ஸும் சேர்ந்து வரும். ஆனால் முதல் ‘ஆர்’ எழுத்தை விட்டுவிட்டு ‘மாஜரிபேங்க்ஸ்’ என்று எழுதுவது இந்தப் பெயரில் மிகச் சாதாரணமான பிழை. அதனால் முதல் இரண்டு எழுத்து மட்டும் போதும்: எம், ஏ, நட்சத்திரம், ‘பேங்க்’, கடைசியில் இன்னொரு நட்சத்திரம். ‘எஸ்’ இல்லாமல் முடிகிறவையும் அப்போதுதான் மாட்டும். வேறு சில பெயர்களும் கூடவே வரும். அவற்றைக் கண்ணால் பார்த்துக் கழித்துவிடலாம். பழைய கையெழுத்தில் ‘ஐ’யும் ‘ஜே’யும் ஒரே எழுத்தாகப் புழங்கின என்பதையும் நினைவில் வையுங்கள். ‘ஜே’க்குப் பதில் ‘ஐ’ போட்டுப் படியெடுத்த பட்டியல்களும் இருக்கும்.

மார்ச்பேங்க் என்று கண்ட எல்லாரையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடுவதும் தவறு. ஸ்காட் மொழியில் ‘மார்ச்’ என்றால் எல்லை. எல்லையோரத்து மேட்டுக்கும் மார்ச்பேங்க் என்றே பெயர் வரலாம். அங்கிருந்து பெயர் எடுத்தவர்களுக்கும் இளவரசி மார்ஜரிக்கும் தொடர்பே இருக்காது. ஆலயம், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று படியேறிப் பார்த்தால்தான் முடிவுக்கு வர முடியும்.

18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பெயரைப் பலர் அறியும்படி செய்தது ட்வீட் ஆற்றங்கரையில் கோல்ட்ஸ்ட்ரீம் ஊரருகே லீஸ் பண்ணையில் இருந்த கிளை. ஒரு வீட்டு அண்ணன் தம்பிகள்: சர் ஜான் எடின்பரோ நகரத் தலைவர்; கேம்பெல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர், அதன் தலைவர் பதவியிலும் இருந்தவர்; ஸ்டூவர்ட் நாடாளுமன்ற உறுப்பினர், நியூசிலாந்தின் வெலிங்டனில் ஒரு தெரு அவர் பெயரில் இருக்கிறது; எட்வர்ட் நான் முன்னே சொன்ன வங்கிக்காரர். சர் ஜானின் மகன் சார்ல்ஸ் கம்பெனிக்காகச் சீனத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, 1832 தேர்தல் சீர்திருத்தத்துக்குப் பிறகு பெரிக்‌ஷயரின் நாடாளுமன்ற உறுப்பினரானவர். மறு ஆண்டே இறந்தார். கோல்ட்ஸ்ட்ரீமில் உயரத் தூண் மேல் நிற்கும் சிலை அவருடையது.

வங்கிக்கார எட்வர்டின் மகன் டட்லி கூட்ஸ் மார்ஜரிபேங்க்ஸ், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு. இவர் பெயர் தெரியாதவர்களுக்கும் இவர் வளர்த்த நாயைத் தெரியும்: கோல்டன் ரிட்ரீவர். இன்வர்னஸ் பக்கத்து மலைநாட்டில் கிஸாகன் என்ற பண்ணையில், 1868இல், மஞ்சள் நிற ரிட்ரீவர் நூஸுக்கும் பெல் என்ற ட்வீட் நீர் ஸ்பேனியலுக்கும் பிறந்த குட்டிகளிலிருந்துதான் அந்த இனம் தொடங்கியது. எந்த நாய் எதனோடு சேர்ந்தது, என்ன குட்டி என்று அவர் நோட்டுப் போட்டு எழுதிவைத்தார். அந்தக் குறிப்பேடு கிடைத்ததால்தான், ரஷ்யச் சர்க்கஸ் நாய்களிலிருந்து வந்த இனம் என்று பல காலம் உலவிய கதை அடங்கியது. இவர் மகள் இஷ்பெல், கனடா கவர்னர் ஜெனரலின் மனைவியாகப் போய், 1897இல் அங்கே வீடுதேடிப் போகும் தாதியர் அமைப்பை நிறுவியவர். இஷ்பெலின் அண்ணன் எட்வர்டு 1905இல் பிரிட்டிஷ் கடற்படை அமைச்சர்.

இவ்வளவு செல்வாக்கு இருந்தும் பெயர் ஏன் பெருகவில்லை? உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் காரணம், பெயர் ஓரிடத்தில் மட்டும் பிறந்தது. ஸ்மித் என்ற கொல்லன் ஒவ்வொரு ஊரிலும் இருந்தான். அந்தப் பெயர் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியாக முளைத்தது. மார்ஜரியின் சரிவு ஒன்றே ஒன்று. இரண்டாவது, கேம்பெல், மக்டொனால்ட் போன்ற பெயர்கள் பெருகியதற்குக் காரணம் குலத்தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்களும் தலைவரின் பெயரைச் சூட்டிக்கொண்டது. தாழ்நிலத்து வழக்கறிஞர், வணிகர் குடும்பமான இவர்களுக்கு அப்படிப் பெயர் சூடிப் பின்தொடரும் குலப்படை கிடையாது.

மூன்றாவது, சொத்துக்காகப் பெயரை மாற்றிக்கொள்வது. சர் ஜானின் இன்னொரு மகன் டேவிட், லேடிகர்க் பண்ணையின் வாரிசுப் பெண்ணை மணந்து, மனைவியின் தாய்வழிக் குடும்பப் பெயரான ராபர்ட்சனைச் சூடிக்கொண்டார். 1873 ஜூன் மாதம் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தபோது, தான் விட்ட பெயரையே பட்டமாகக் கேட்டு வாங்கி ‘மார்ஜரிபேங்க்ஸ் பிரபு’ ஆனார். ஒரே வாரத்தில் இறந்துபோனார். பட்டமும் அவரோடு முடிந்தது. பெயரை விட்டுவிட்டு முதுமையில் அதைத் திரும்பக் கேட்ட அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மனம் இளகும். லீஸ் கிளையின் பரம்பரை ‘சர்’ பட்டம் 1888இலும், ட்வீட்மவுத் பட்டம் 1935இலும் ஆண் வாரிசில்லாமல் நின்றன.

நான்காவது, வெறும் எண்கணக்கு. ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வில்லியம் வாட்சன் என்ற பாதிரியாரும் 1874இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். பெயர் ஆண்வழியே போகிறது என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் சிலருக்கு ஆண்பிள்ளை இருக்காது. அந்தக் கிளை அங்கேயே அறுந்துவிடும். நூறு இடத்தில் தொடங்கிய பெயருக்கு நாலு கிளை போனால் தெரியாது. ஒரே வீட்டில் தொடங்கிய பெயருக்கு இரண்டு தலைமுறை சறுக்கினால் மொத்தமும் போய்விடும். எழுநூறு ஆண்டுப் பழைய நிலப்பெயர் ஒன்று இன்னும் மனிதர் பெயராக நிற்பதே பெரிய காரியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, இன்றைக்கு எவ்வளவு? ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 54 லட்சம். அங்கே மிகுதியான பெயரான ஸ்மித் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். பத்தாயிரத்துக்கு ஒருவர் என்று வைத்தால் 540 பேர் வருவார்கள். மார்ஜரிபேங்க்ஸ் அந்தக் கோட்டுக்கும் கீழே இருக்கும் பெயர். தேசிய ஆவண அலுவலகம் வெளியிடும் மிகுதியான பெயர்ப் பட்டியல்களில் அது வராது. இருப்பவர்களும் பெரும்பாலும் எடின்பரோ, அதன் மேற்கே பாத்கேட் பக்கம், தெற்கே எல்லைப்புறம் என்று பெயர் பிறந்த நிலத்தைச் சுற்றியே. பாத்கேட்டில் இன்றும் மார்ஜரிபேங்க்ஸ் தெரு இருக்கிறது. கடல் கடந்து போனவர்களிடம் பேச்சு வடிவமே வென்றது. அமெரிக்கக் கணக்கெடுப்பு, குறைந்தது நூறு பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர்களைப் பட்டியலாக வெளியிடுகிறது. 2010இல் அப்படி 1,62,253 பெயர்கள். மார்ச்பேங்க்ஸ் அதில் இருக்கிறது. எழுதப்பட்டபடி நின்றவர்கள் அரிதாகிப்போனார்கள், பேசியபடி எழுதிக்கொண்டவர்கள் பெருகினார்கள்.

இணையத்தில் ‘உலகில் இத்தனை பேர்’ என்று ஓர் எண்ணை நேர்த்தியாகக் காட்டும் தளங்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். மாஜரிபேங்க்ஸ் என்று பிழையாகப் பதிந்தவர் அங்கே தனிப் பெயராக எண்ணப்படுவார். ஸ்காட்லாந்துப் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரை விடாமல் வைத்திருந்த வழக்கமும் எண்ணிக்கையைக் குழப்பும். ஒரே பெண் இரண்டு பெயரிலும் அகப்படுவாள். தேடுகிறவருக்கு அது நல்லது; எண்ணுகிறவருக்குத் தொல்லை.

உங்கள் அறிக்கைக்காரர் நார்மன் எட்வர்ட் மார்ஜரிபேங்க்ஸ், சென்னை மாகாணத்தின் ஐ.சி.எஸ். அதிகாரி. 1929இல் சில மாதங்கள் சென்னையின் பொறுப்பு ஆளுநராகவும் இருந்தார். அவரும் மரக்காயரும் ஆராய்ந்தது கங்காணி வழியாக ஆள் எடுத்த முறையை. தொழிலாளியின் கடனை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிய ‘துண்டு’ முறை சட்டப்படி ஒழிந்தது அதற்குப் பிறகு, 1921இல்தான்.

ஸ்காட்லாந்துப் பெயருக்குச் சொன்ன தேடும் முறையை உங்கள் வீட்டுப் பெயருக்கும் பயன்படுத்துங்கள். தோட்டத்துப் பேரேட்டில் ஆங்கிலேய எழுத்தர் ‘கருப்பையா’வை எத்தனை விதமாக எழுதியிருப்பார் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: முதல் எழுத்து ‘கே’யாகவும் இருக்கலாம், ‘சி’யாகவும் இருக்கலாம், நடுவில் ‘பி’ ஒன்றோ இரண்டோ, கடைசியில் ‘எச்’ இருந்தாலும் இருக்கும். நிச்சயமான எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடத்தில் நட்சத்திரம் போடுங்கள். கூடவே அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். பேரேட்டின் அந்தப் பக்கம் கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.